பாளையங்கோட்டையிலிருந்து டாலஸுக்கு, ரெண்டு பிள்ளைகளோடு ஒத்தையில்

திருநெல்வேலிக்காரர்களுக்கு வெளிநாடு போக மூன்று வாசல். பக்கத்திலேயே வாகைகுளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அது உள்நாட்டு விமானங்களுக்குத்தான், சென்னையில் இறங்கி மாற வேண்டும். மதுரையில் சர்வதேச விமானம் உண்டு என்றாலும் போகிற ஊர்கள் கொஞ்சம். திருவனந்தபுரத்துக்குக் காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று நெரிசலில் ஊர்ந்து போக வேண்டியிருந்தாலும், அங்கே ஏறினால் வளைகுடாவில் ஒரே ஒரு மாற்றத்தோடு அமெரிக்கா போய்விடலாம். எட்டு மாதக் கைப்பிள்ளையையும் மூன்று வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு நான் பார்த்த கணக்கு அது ஒன்றுதான்: எத்தனை தடவை இறங்கி ஏறணும். சென்னை வழியாகப் போனால் பணம் மிச்சமாகியிருக்கும். அந்த மிச்சம் எனக்கு வேண்டாம்.

என் வீட்டுக்காரர் டாலஸில். விடுப்பு முடிந்து முன்னாலேயே போய்விட்டார். அவர் ஊரில் இருந்தபோதே சின்னவளுக்குப் பாஸ்போர்ட் வேலையை முடித்துவிட்டோம். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருப்பதால் மதுரைக்கு அலையவில்லை. பிறப்புச் சான்றிதழில் பிள்ளை பெயர் ஏறியிருக்க வேண்டும், அனெக்ஷர் டி படிவத்தில் தாய் தகப்பன் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோ எடுப்பதுதான் பெரும்பாடு. பின்னணி வெள்ளையாக இருக்கணும், பிள்ளை கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கணும். ஸ்டூடியோக்காரர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அவளைப் படுக்க வைத்து, மேலே நின்று சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி எடுத்தார். பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், மற்றவர் சம்மதக் கடிதம் ஒன்று எழுதி நோட்டரி கையெழுத்தோடு வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க எல்லை அதிகாரிகளே அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

டிக்கெட்டில் ரெண்டு வயதுதான் கோடு. அதற்குக் கீழே இருந்தால் மடியில், பெரியவர்கள் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போல வாங்குவார்கள். ரெண்டு முடிந்தால் தனி சீட். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு மடிப்பிள்ளைதான். மடிப்பிள்ளைக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் முகமூடி வேண்டும் என்பதால் நினைத்த சீட்டுக்கெல்லாம் மாற்றிக்கொள்ளவும் விடமாட்டார்கள். தொட்டில் மாட்டுகிற இடம் ஒவ்வொரு பகுதியிலும் முன் தடுப்புச் சுவரை ஒட்டிய வரிசையில் மட்டும் இருக்கும். ஆன்லைனில் டிக்கெட் போட்ட கையோடு போன் பண்ணி அதைக் கேட்டு வாங்கினேன். பிள்ளையின் எடையைக் கேட்பார்கள். பத்து, பதினோரு கிலோவுக்கு மேல் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

"பச்சப்புள்ளயத் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் ஒத்தைல எப்படிட்டி போவ? அழுது ஊரக் கூட்டிரும்லா" என்று அம்மா தினமும் கேட்டாள். அழுகை எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. பிள்ளை என்றால் அழத்தான் செய்யும், ஏறியிருக்கிறவர்களில் பாதிப்பேர் பிள்ளை பெற்றவர்கள்தான். எனக்கு இருந்த கவலை கை. சின்னவள் ஒரு கையில், பெரியவன் ஒரு கையில். பாஸ்போர்ட்டை எடுக்க, பையைத் தூக்க, பால் கலக்க, மூக்கைச் சிந்திவிட மூன்றாவது கை கிடையாது. அதனால் எதைக் கட்டினாலும் ஒற்றைக் கையால் எடுக்க முடியுமா என்று வீட்டிலேயே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். முடியாதது எல்லாம் பெரிய பெட்டிக்குள் போனது.

பாஸ்போர்ட்டுகள், போர்டிங் பாஸ், சம்மதக் கடிதம் கழுத்தில் தொங்குகிற சின்னப் பையில். முதுகுப்பை ஒன்று மட்டும், உருட்டுகிற பெட்டி கிடையாது. அதற்குள் ஜிப் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டயப்பர், நாலைந்து ஈரத்துணி, ஒரு மாற்றுச் சட்டை, அழுக்கைப் போட ஒரு காலிக் கவர். விமானக் கழிப்பறையில் பிள்ளைக்குத் துணி மாற்றுகிற பலகையில் முழுப் பையை வைக்க இடமிருக்காது, ஒரு கவரை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். டயப்பரை மணிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு எடுத்தேன். அவ்வளவும் தேவைப்படவில்லை, ஆனாலும் அடுத்த முறையும் அப்படித்தான் எடுப்பேன். எனக்கும் ஒரு மாற்று உடை. அதைப் பலர் மறந்துவிடுவார்கள். பிள்ளை கக்குவது நம் மேல்தானே.

சாப்பாட்டுச் சாமான்தான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "அம்பாசமுத்திரத்து அரிசி நாலு கிலோ கட்டித் தாரேன், புள்ளைக்குக் கஞ்சிக்கு ஆவும்" என்றார்கள் அத்தை. இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுபோக அமெரிக்காவில் தடை. கப்ரா வண்டு என்று ஒரு தானிய வண்டு, அது இருக்கிற நாடுகளின் அரிசியை 2011 முதல் பெட்டியில் விடுவதில்லை. "நம்ம அரிசில எங்கடி வண்டு இருக்கு?" என்று அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. கொப்பரைத் தேங்காயும் போச்சு, எண்ணெய் பிடித்த பண்டம், தீப்பிடிக்கும் என்று விமானத்தில் ஏற்றுவதில்லை. கேப்பை மாவும் ஏத்தங்காய்ப் பொடியும் மட்டும் தப்பின. அதிலும் ஒரு சங்கதி: அமெரிக்கா போகிற விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி எதுவும் இருந்தால் 2018-லிருந்து நிறுத்துவார்கள். பிள்ளைகளுக்கான பால் பவுடருக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆச்சி கையால் வறுத்து அரைத்த மாவைப் பார்த்து எந்த அதிகாரி பால் பவுடர் என்பார்? ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கொஞ்சம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெட்டியில் போட்டேன். பிள்ளைக்கான பாலுக்கும் வெந்நீருக்கும் 100 மில்லிக் கட்டுப்பாடு கிடையாது. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். சில இடத்தில் நம்மையே ஒரு வாய் குடிக்கச் சொல்வார்கள்.

தூக்க மருந்து கொடுக்கலாமா என்று சொந்தக்காரர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். குழந்தை டாக்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். சளி மருந்தைக் கொடுத்துத் தூங்க வைக்கப் பார்த்தால் சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து விடிய விடிய ஆட்டம் போடுமாம். காய்ச்சல் மருந்தின் அளவை இருவருக்கும் எடைப்படி எழுதி வாங்கிக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் சர்வதேச முனையம் சாக்கை பக்கம். சங்குமுகத்துக்குப் போனால் அது உள்நாட்டு முனையம். விமானம் விடியற்காலை. ஸ்ட்ரோலரை உள்ளே போட்டால் டாலஸில்தான் கைக்கு வரும் என்றார்கள். அதனால் சின்னவளை நெஞ்சோடு துணித் தூளியில் கட்டிக்கொண்டேன். ரெண்டு கையும் விடுதலை. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் தூளியிலிருந்து வெளியே எடுத்து, அவர்கள் கொடுக்கிற குட்டி பெல்ட்டை நம் பெல்ட்டில் கோர்த்துக் கட்ட வேண்டும். தூங்குகிற பிள்ளையை அவிழ்க்கும்போது மனசே வராது.

தோஹா வரையுள்ள நாலரை மணி நேரம் சுலபம். கத்தாரில் வேலை பார்க்கிற நம்மூர்ப் பையன்களும் மலையாளிகளும் நிறைந்த விமானம் அது. பக்கத்தில் திசையன்விளை அண்ணன் ஒருவர். நான் பெரியவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக எழுந்தபோது, "குடும்மா பிள்ளைய, நானும் பெத்தவன்தான்" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். நான் திரும்பி வந்தபோது சின்னவள் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டிருந்தாள். கூச்சப்பட்டு மறுத்திருந்தால் ரெண்டு பிள்ளைகளையும் சுமந்துகொண்டுதான் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் கையில் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் அவர் எங்கே தூக்கிக்கொண்டு போவார்?

கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்லணும். பெரியவனுக்கு டயப்பர் விட்டு வெகுநாள் ஆகிறது. ஆனால் விமானத்தில் தண்ணீர் ஊற்றுவதில்லை, காற்றால் உறிஞ்சும். அந்தச் சத்தம் பெரியவர்களையே தூக்கிப்போடும். ஒரு தடவை கேட்டான், அதற்கப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஓர் ஒப்பந்தம்: அவன் வேலையை முடித்துவிட்டு வெளியே போய் நிற்பான், நான் மூடியை மூடிவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். "அம்மா, அமுக்கிட்டியா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கத்துவான். மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் ஒன்றிரண்டு டயப்பர் அவன் அளவிலும் வைத்துக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

தோஹாவில் இடைவெளியை வேண்டுமென்றே நீளமாக எடுத்திருந்தேன். அங்கே நடுக்கூடத்தில் ஏழு மீட்டர் உயரத்தில் மஞ்சள் கரடிப் பொம்மை ஒன்று, தலைக்குள் விளக்குச் சொருகியபடி உட்கார்ந்திருக்கிறது. பார்க்கப் பஞ்சுப் பொம்மை மாதிரி இருந்தாலும் வெண்கலம். பெரியவன் அதைச் சுற்றி ஓடியே களைத்தான். ஓடட்டும் என்று விட்டேன், அடுத்து பதினாறு மணி நேரம் கட்டிப்போடப் போகிறோமே. ஒரு மூலையில் பத்தமடைப் பாயை விரித்தேன். நல்ல மெல்லிசுப் பாய், சுருட்டினால் முதுகுப்பையின் ஓரத்தில் குடை மாதிரி நிற்கும். சின்னவள் அதில் குப்புற நீந்தினாள். விலை உயர்ந்த பயண மெத்தை எதையும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன், இந்தப் பாயைப் பண்ணுவேன்.

தொட்டிலைப் பற்றி எல்லாரும் ஆஹா ஓஹோ என்பார்கள். எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால் பிள்ளையை எடுத்து மடியில் வைக்கணும். அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பாள், விளக்கு எரியும். அணைந்து திரும்பப் படுக்க வைத்தால் மறுபடி எரியும். அவள் பெரும்பாலும் என் நெஞ்சில்தான் தூங்கினாள். தொட்டில் என்னுடைய மேசையானது: பால் புட்டி, துணி, பெரியவனின் செருப்பு எல்லாம் அதற்குள். நான் சாப்பிடும் பத்து நிமிஷம் அவளும் அதற்குள். ஆனாலும் அந்த வரிசை வேண்டும். முன்னால் இருப்பவர் சீட்டைச் சாய்க்க மாட்டார், எழுந்து போக யாரையும் தாண்ட வேண்டாம். கைப்பிடி மேலே தூக்காது என்பது ஒரு குறை. பெரியவனால் என் மடியில் தலை வைத்து நீட்டிப் படுக்க முடியவில்லை.

விளையாட்டுச் சாமானில் அம்பாசமுத்திரம் மரச்சொப்பு ஒரு செட் கொண்டுபோனேன். அடுப்பு, குடம், உரல் எல்லாம் வைத்து இட்லி சுட்டு, விமானப் பணிப்பெண்ணுக்கும் ஒன்று கொடுத்தான். உருண்டு போகிற குடத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். டிவி பார்க்க விட்டேனா என்றால், விட்டேன், கணக்கில்லாமல்.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். கேபினுக்குள் காற்றழுத்தம் கொடைக்கானல் உயரத்துக்குச் சமமாக இருக்கும். கீழே வர வர அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளும். பிள்ளைகளுக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் குறுகல் என்பதால் வலி அதிகம், விழுங்கினால்தான் திறக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம். தரையிறங்க அரைமணி நேரம் முன்பே சின்னவளை எழுப்பிப் பால் கொடுக்க ஆரம்பித்தேன். பெரியவனுக்குப் பனங்கற்கண்டு, கடிக்காமல் உறிஞ்சணும் என்று சொல்லி. அவன் கடித்தான். அடுத்ததையும் கடித்தான். எப்படியோ எச்சில் விழுங்கினான், அது போதும்.

டாலஸில் குடியேற்ற வரிசை நீளம். சுங்கத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுவதே நல்லது, மறைத்து மாட்டினால்தான் அபராதம். மாவையும் அல்வாவையும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவர் காரில் பிள்ளைகளுக்கான ரெண்டு சீட்டும் பொருத்தி வைத்திருந்தார். டெக்சாஸில் எட்டு வயது வரை, நாலடி ஒன்பது அங்குலம் வளராத பிள்ளைக்கு அது சட்டம். மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் நடக்காது.

பத்தரை மணி நேர வித்தியாசம் உடம்பை விட்டுப் போக நாளாகும். நடுராத்திரி ரெண்டு பேரும் பளிச்சென்று விழித்துக்கொண்டு இட்லி கேட்டார்கள். விளக்கைப் போடாமல் ஊட்டினோம். காலையில் வெயில் வந்ததும் வெளியே தூக்கிப்போய் நிறுத்தினோம். பகலில் தூங்கினால் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிட்டோம். பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் சரியாகிவிட்டார்கள்.

இப்போது அடுத்த பயணத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு வந்து, ஆவணியில் திரும்புவதாக யோசனை. சின்னவளுக்கு ஆடியில் ரெண்டு முடிகிறது. ஊருக்கு வரும்போது மடியில் வரலாம், திரும்பும்போது தனி சீட். போகவர ஒரே டிக்கெட்டாகப் போட்டால் சில நிறுவனங்கள் ரெண்டு பக்கத்துக்கும் சீட் கேட்கிறார்கள், சிலர் திரும்பும் பக்கத்துக்கு மட்டும். எது எப்படி என்று ஒவ்வொருவராகப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அவர்.