ஆண்டி ராஸாஃப்: இசைத்தட்டில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்

ஆண்டி ராஸாஃப் என்ற பெயரை நம்மில் நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் பழைய ஜாஸ் பாட்டுகளைக் கொஞ்ச நாள் விடாமல் கேட்டிருந்தால் அவர் எழுதின ஒன்றாவது காதில் விழுந்திருக்கும். பாடியது லூயி ஆம்ஸ்ட்ராங், மெட்டு ஃபேட்ஸ் வாலர் என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள், வரிகள் யாருடையது என்றால் பதில் வராது. ரேடியோவில் பாட்டு போடும்போதே பாடலாசிரியர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான், அதனால் இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

எங்கள் வீட்டுக்கு இந்த இசை வந்தது பெரியப்பா வழியாக. அவர் சொல்தா. பாண்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பினவர். முத்தியால்பேட்டை வீட்டில் அவர் வைத்திருந்த ஆம்ஸ்ட்ராங் தட்டு ஒன்றின் லேபிளில், பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குள் பொடி எழுத்தில் ராஸாஃப், வாலர், ப்ரூக்ஸ் என்று மூன்று பெயர்கள் இருக்கும்.

"இந்த ராஸாஃப் அமெரிக்காக்காரர் பேர் மாதிரியே இல்லையே பெரியப்பா" என்று கேட்டேன்.

"மதகஸ்கார் பேர்டா அது. அங்க பாதிப் பேருக்கு ரா-ன்னுதான் ஆரம்பிக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரி. முழுப்பெயர் ஆண்ட்ரியமானன்டேனா பால் ராஸாஃபின்கரேஃபோ. அப்பா மடகாஸ்கர் அரசி மூன்றாம் ரனவலோனாவின் உறவினர். அம்மாவின் அப்பா ஜான் வாலர் (ஃபேட்ஸ் வாலருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை) அடிமையாகப் பிறந்து, வக்கீலாகி, மடகாஸ்கரில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். 1895-ல் பிரெஞ்சுப் படை அந்தத் தீவைப் பிடித்தது. தாத்தாவுக்கு ராணுவ நீதிமன்றம் இருபது வருஷம் தண்டனை போட்டு பிரான்சுக்குக் கப்பலேற்றியது, அப்பா போரில் செத்துப்போனார், பதினைந்து வயது கர்ப்பிணியான அம்மா அமெரிக்காவுக்குத் தப்பி ஓடினார். அந்த டிசம்பரிலேயே வாஷிங்டனில் குழந்தை பிறந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பிரெஞ்சு அரசாங்கம்தான் 1954 வரை நம் ஊரை ஆண்டது. நம் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரெயூனியன் தீவுக்குத்தான் 1897-ல் அந்த அரசியையும் நாடு கடத்தினார்கள். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் உட்கார்ந்து பாட்டெழுதிய ஒருவரின் குடும்பக் கதை இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று யார் நினைப்பார்கள்?

சரி, பாட்டுக்கு வருவோம். ராஸாஃப் நியூயார்க்கில் லிஃப்ட் இயக்கும் பையனாக வேலை பார்த்துக்கொண்டே எழுத ஆரம்பித்தவர். 1913-லேயே ஒரு பாட்டு மேடையேறிவிட்டது, ஆனால் அப்புறம் பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பினப் பத்திரிகைகளில் கோபமான அரசியல் கவிதைகள் எழுதினார், கொஞ்ச காலம் பேஸ்பால் கூட ஆடினார். 1928-ல் எத்தல் வாட்டர்ஸ் என்ற பாடகி பாடின 'மை ஹேண்டி மேன்' இரட்டை அர்த்தப் பாட்டு, ஆனால் ஒரு வார்த்தை கூட விரசமாகத் தனியே நிற்காது. வீட்டு வேலை எல்லாம் செய்து கொடுக்கிற ஒருவனைப் பற்றி ஒருத்தி பெருமையாகச் சொல்லிக்கொண்டே போகிறாள், அவ்வளவுதான், மீதியைக் கேட்கிறவன் மனசு பார்த்துக்கொள்ளும். வாட்டர்ஸ் ஒவ்வொரு எழுத்தையும் பள்ளிக்கூட டீச்சர் போல அத்தனை சுத்தமாக உச்சரிப்பதால் அது இன்னும் எடுபடுகிறது.

1929-தான் அவருடைய பெரிய வருஷம். வாலரோடு சேர்ந்து 'எயின்ட் மிஸ்பிஹேவின்', 'ஹனிசக்கிள் ரோஸ்', 'பிளாக் அண்ட் புளூ' மூன்றும் அந்த ஒரே வருஷத்தில். 'ஹனிசக்கிள் ரோஸ்' பற்றி ஒரு கதை உண்டு. ராஸாஃபின் அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது வாலர் பாதியிலேயே கிளம்பிவிட்டாராம், ராஸாஃப் வரிகளை முடித்துவிட்டு போன் போட்டால் வாலருக்குத் தான் போட்ட மெட்டே மறந்துபோயிருந்ததாம், இவர்தான் போனில் பாடிக் காட்டினாராம். மெட்டைக் காப்பாற்றினது பாடலாசிரியர்! எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நான் அதிகம் பேச விரும்புவது 'பிளாக் அண்ட் புளூ' பற்றி. ஹார்லெமில் 'ஹாட் சாக்லேட்ஸ்' என்ற மேடை நிகழ்ச்சிக்குப் பணம் போட்டவன் டட்ச் ஷுல்ட்ஸ் என்ற ரவுடி. கறுப்பாகப் பிறந்த ஒரு பெண் தன் நிறத்தை நினைத்து அழுகிற மாதிரி சிரிப்புப் பாட்டு ஒன்று வேண்டும் என்று அவன் துப்பாக்கியைக் காட்டிக் கேட்டதாக ராஸாஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்தார். ஆனால் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. வீட்டு எலி கூட என்னைக் கண்டால் ஓடுகிறது என்று சிரிக்க வைக்கிற மாதிரி தொடங்கி, நான் செய்த ஒரே பாவம் என் தோலில் இருக்கிறது என்ற இடத்துக்கு வரும்போது சிரிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

மேடையில் பாடியது ஈடித் வில்சன். அப்புறம் 1929 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்தபோது தொகையறாவை, அதாவது முக்கியப் பாட்டுக்கு முன்னால் வருகிற வரிகளை, எடுத்துவிட்டார். மாநிறப் பெண்களுக்கெல்லாம் ஆள் கிடைக்கிறது, எனக்கு இல்லை என்ற புலம்பல் அந்தத் தொகையறாவில்தான் இருந்தது. அது போனதும் ஒரு பெண்ணின் காதல் ஏக்கம் ஒரு இனத்தின் கேள்வியாக மாறிவிட்டது. மூன்றே நிமிஷத் தட்டு. பாட வருவதற்கு முன்பே ட்ரம்பெட்டில் ஒரு முறை முழுக்கச் சொல்லி முடித்துவிடுகிறார், அதனால் குரல் வரும்போது நமக்கு ஏற்கெனவே மனசு கனத்திருக்கும். 1930-ல் எத்தல் வாட்டர்ஸ் பாடிய பதிவில் தொகையறா உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெரியப்பாவுக்கு ஆம்ஸ்ட்ராங்குக்கு மேல் யாரும் கிடையாது. நான் வாட்டர்ஸ் பக்கம், ஏனென்றால் ராஸாஃப் எழுதின அந்தப் பெண் அதில்தான் இருக்கிறாள். என் உள்ளே நான் வெள்ளை என்று வருகிற ஒரு வரி எனக்கு இன்றைக்கும் நெருடுகிறது. அப்படியொரு வரியைச் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு மனுஷி இருந்தாள் என்பதும் அந்தப் பாட்டில் பதிவாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய இன்னொரு வகைப் பாட்டுகளின் கதி வேறு. 'இன் த மூட்', 'ஸ்டாம்பின் அட் த சவாய்' இரண்டுக்கும் வரி எழுதினவர் இவர்தான், ஆனால் உலகமெங்கும் ஓடிய கிளென் மில்லர், பென்னி குட்மேன் பதிவுகள் வெறும் வாத்திய இசை. ஜூன் 21 இசைத் திருநாளில் நம் ஊர்த் தெருக்களில் யாராவது 'இன் த மூட்' வாசித்தால் அதற்கு வரிகளும் உண்டு என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். 'சவாய்' வரிகளோடு வேண்டுமென்றால் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடினது இருக்கிறது.

கடைசி இருபது வருஷம் பக்கவாதத்தில் கிடந்தார். 1972-ல் பாடலாசிரியர்களுக்கான கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள், அடுத்த வருஷமே போய்விட்டார்.

புதிதாகக் கேட்பவர்கள் 'மெமரீஸ் ஆஃப் யூ'-விலிருந்து ஆரம்பிக்கலாம். மெட்டு யூபி பிளேக், 1930. அதே வருஷம் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்ததில் லயனல் ஹாம்ப்டன் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) வாசிக்கிறார், ஜாஸ் தட்டில் அந்த வாத்தியம் ஒலித்த ஆரம்பப் பதிவுகளில் அது ஒன்று. மெட்டு மேலே ஏறிக்கொண்டே போகும், ராஸாஃப் அதற்குச் சின்னச் சின்ன வார்த்தைகளாகப் போட்டிருப்பார், பாடுகிறவருக்கு எங்கேயும் நாக்குத் தடுக்காது. அதன் பிறகு 'பிளாக் அண்ட் புளூ'வுக்குப் போங்கள், எத்தல் வாட்டர்ஸ் பாடினதை முதலில்.