சூரைச்செடியின் கீழ் ஓர் அடை

மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துவிட்டு, இன்று மதியம் ஜெபிக்கக்கூட வார்த்தை வராமல் படுத்திருந்தேன்.

கதவைத் தட்டினார் பக்கத்து வீட்டு அக்கா. கையில் தூக்குவாளி. சூடு ஆறாத ரசம் சாதம்.

"ஒண்ணும் பேசாத, முதல்ல சாப்பிடு."

பைபிளில் வரும் தீர்க்கதரிசி எலியா நினைவுக்கு வந்தார். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றி. அப்புறம் தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்டவர்.

தேவன் அவரைக் கண்டிக்கவே இல்லை. தூதன் தட்டியெழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு.

அப்புறம்தான் தேவனுடைய மலையான ஓரேபுக்கு 40 நாள் நடை.

என் விசுவாசம்தான் தளர்ந்துவிட்டது என்று நொந்துகொண்டிருந்தேன். எனக்குப் பசி என்று தோன்றவே இல்லை.

வாளியைக் கழுவி வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அக்காவிடம் கொடுக்க வேண்டும்.