பெயர்ப்பலகை இல்லாத ஓவியக்கூடம்: ரோமின் டோரியா பாம்ஃபிலி அரண்மனை

ரோமில் பியாட்சா வெனேசியா சதுக்கத்திலிருந்து வியா டெல் கோர்சோ தெரு வழியே நடந்தால் இடப்பக்கம் 305ஆம் எண்தான் இந்த அரண்மனை. கடைத்தெருச் சந்தடியில் வாசலைத் தவறவிடுவது சுலபம். உள்ளே டோரியா பாம்ஃபிலி குடும்பத்தின் ஓவியச் சேகரிப்பு இருக்கிறது. குடும்பத்தார் இன்றும் அரண்மனையின் ஒரு பகுதியில்தான் குடியிருக்கிறார்கள்.

அருங்காட்சியகம் என்று நினைத்துப் போனால் குழம்பிவிடும். 18ஆம் நூற்றாண்டில் மாட்டிய முறைப்படியே, சட்டத்தோடு சட்டம் உரச, சுவர் முழுக்கப் படங்கள். பக்கத்தில் விவரப் பலகை கிடையாது, எண் மட்டும்தான். ஆகவே ஒலி வழிகாட்டியை விடவே கூடாது. அதில் பேசுவதும் குடும்ப வாரிசுதான். மேல்வரிசைப் படங்களில் ஜன்னல் வெளிச்சம் வார்னிஷில் பட்டு வெள்ளைத் திட்டாகத் தெரியும். நேரே நிற்காமல் இரண்டடி பக்கவாட்டில் தள்ளி, சாய்வாகப் பார்த்தால் உருவங்கள் புலப்படும்.

கண்ணாடிக் கூடத்தின் தங்கப் பூச்சு எல்லோரையும் இழுக்கும். அதைவிட, அதன் மூலையிலுள்ள சிற்றறைதான் இங்கே வரக் காரணம். அங்கே இருப்பது ஸ்பானிய ஓவியர் வெலாஸ்க்வெஸ் 1650இல் வரைந்த போப் பத்தாம் இன்னசென்ட்டின் உருவப்படம். அந்தப் போப் பாம்ஃபிலி குடும்பத்தவர். சிவப்புத் திரை, சிவப்பு நாற்காலி, சிவப்பு மேலாடை. நடுவே சந்தேகம் கலந்த பார்வை. கையிலுள்ள காகிதத்தைக் கவனியுங்கள், ஓவியரின் பெயர் அதில்தான் இருக்கிறது. அதே அறையில் சிற்பி பெர்னினி செதுக்கிய போப்பின் மார்பளவுச் சிலையும் உண்டு. முதலில் செதுக்கியதன் பளிங்கில் விரிசல் விழுந்ததால் இன்னொன்று செய்தார். இரண்டுமே இந்த அரண்மனையில்தான் இருக்கின்றன. அறை சிறியது, ஒரு குழு நுழைந்தாலே நிரம்பிவிடும். திறந்தவுடன் நேரே இங்கே வந்துவிட்டு, பிறகு மற்றதைச் சுற்றுவது நல்லது.

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் 'எகிப்துக்குத் தப்பிச் செல்லும் வழியில் ஓய்வு' படத்தில் தேவதூதன் நமக்கு முதுகைக் காட்டி வயலின் வாசிக்கிறான். இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பு பிடித்திருக்கும் இசைத்தாளின் சுரக்குறிகள் வெறும் கிறுக்கல் அல்ல, படித்து வாசிக்கக் கூடியவை. இருவருக்கும் இடையே கழுதையின் ஒற்றைக் கண்! கரவாஜ்ஜோவே வரைந்த மகதலேனா மரியாளின் காலடியில் அறுந்த முத்துச்சரம் சிதறிக் கிடக்கிறது. மூக்கோரம் ஒரு கண்ணீர்த்துளியும் உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் அது தெரியாது, கிட்டே போக வேண்டும்.