தொரப்பாடியில இருக்கான்

வேலூர் மத்திய சிறை இருப்பது தொரப்பாடியில். அதனால் எங்கள் பக்கம் ஒருத்தன் தொரப்பாடியில் இருக்கிறான் என்றால் யாரும் வீட்டு விலாசம் கேட்க மாட்டார்கள், என்ன கேஸ் என்றுதான் கேட்பார்கள். எனக்குச் சிறைக் காவலர் வேலை கிடைத்த புதிதில் குடியாத்தத்து ஆயா "பேரன் தொரப்பாடியில இருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டது. அடுத்த மாதம் போனபோது எதிர்வீட்டு அம்மா "எப்பப்பா விட்டாங்க?" என்று விசாரித்தார்.

நானும் ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பு மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஒரே தேர்வு வைக்கிறது, பத்தாவது போதும். நேதாஜி ஸ்டேடியத்தில் விடியற்காலையில் ஓடி ஓடி 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன், மார்க் வரிசையில் ஜெயில் விழுந்தது.

வேலை என்றால் பெரும்பாலும் எண்ணுவதுதான். காலையில் திறக்கும்போது எண்ணு, சாயங்காலம் லாக்கப்புக்கு முன்னால் எண்ணு, கணக்கு இடித்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணு. இதையே சில வருடம் செய்த பிறகுதான், அதே வளாகத்தில் காக்கி போடாமல் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற நன்னடத்தை அலுவலர் என்னதான் செய்கிறார் என்று கவனித்தேன். தண்டனைக் கைதி ஒருவர் விடுப்பு கேட்டு மனு போட்டால், இவர் பஸ் பிடித்து அந்த ஊருக்கே போகிறார். வந்தால் எங்கே தங்குவார், பாதிக்கப்பட்ட குடும்பம் அதே தெருவில் இருக்கிறதா, பெண்டாட்டி வீட்டுக்குள் சேர்ப்பாளா, எல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுகிறார். ஒருமுறை டீ குடிக்கும்போது ஒரு சிறைவாசியின் மகளைப் பற்றிச் சொன்னார், அப்பா வந்தால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டதாம் அந்தப் பெண். அந்த ஆளை வருடக் கணக்கில் பூட்டித் திறந்த எனக்கு, அவருக்கு ஒரு மகள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

சமூகப்பணியோ குற்றவியலோ படித்தவர்கள் வருகிற வேலை அது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் குற்றவியலுக்கென்றே துறை இருக்கிறது, எங்கள் கல்லூரியில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. இத்தனைக்கும் தென்மாநிலச் சிறை அதிகாரிகள் பயிற்சிக்கு வருகிற நிறுவனம் 1979 முதல் இதே வேலூரில்தான் இருக்கிறது.

அதனால் இப்போது யாராவது தம்பி "போலீசுக்குப் போகணும்ணா" என்று வந்தால், ஒரு கேஸில் எந்த இடத்தில் நிற்க உனக்கு மனசு வரும் என்று கேட்கிறேன். சம்பவ இடத்திலா? அப்படியானால் வேதியியலோ உயிரியலோ படி, தடய அறிவியல் பக்கம் போகலாம். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் தடய நிபுணர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, ஆள் தேவைப்படத்தானே செய்யும். கோர்ட்டிலா? காட்பாடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, ப்ளஸ் டூ முடித்தால் 5 வருடம், டிகிரி முடித்தால் 3 வருடம். தீர்ப்புக்குப் பிறகு வருகிற நாட்களிலா? அதற்குத்தான் ஆள் இல்லை, கேட்பாரும் இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு பையனிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம், நன்றாக ஓடுவான், எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டான். எருது விடும் விழா தகராறில் எஃப்ஐஆரில் பத்தோடு பதினொன்றாக அவன் பெயரும் இருந்திருக்கிறது. விடுதலைதான் ஆனான், ஆனால் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. காவல் துறைப் பணி விதிப்படி அது வழக்கில் சம்பந்தப்பட்டதாகத்தான் கணக்கு. வெரிஃபிகேஷனில் நின்றுபோனது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் உட்கார வைத்து, எதிர்வீட்டு அம்மா மாதிரியே ஆரம்பிக்கிறேன். "கேஸ் ஏதாவது இருக்காடா?"