படிவத்தின் 23-ஆம் பிரிவு

அரசின் ரகசியங்களைக் கையாளும் வேலைகள் நிறைந்த பகுதி வடக்கு வர்ஜீனியா. 'கிளியரன்ஸ்' என்று இங்குள்ளோர் சொல்லும் பாதுகாப்பு அனுமதி இல்லாவிட்டால் அந்த வேலைகளை நெருங்கவே முடியாது என்பதும், அது பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கே கிடைக்கும் என்பதும் குடிவந்த எங்களுக்கு மெல்லத்தான் புரிந்தது.

இங்கேயே பிறந்து வளர்ந்த என் அக்கா மகனுக்குக் கல்லூரி முடிந்ததும் அப்படியொரு வேலை அமைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த அனுமதிக்கான எஸ்.எஃப்-86 என்னும் நீண்ட படிவத்தை நிரப்பிவந்தவன், 23-ஆம் பிரிவுக்கு வந்ததும் கை ஓடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்பது கேள்வி. முந்தைய ஆண்டு நண்பர்களோடு கொலராடோ மாநிலத்தின் டென்வருக்குப் போனபோது, கஞ்சா கலந்த மிட்டாயை இரண்டு முறை தின்றிருக்கிறான்.

"அடையாள அட்டையைக் காட்டி, ரசீதோடு கடையில் வாங்கியது மாமா. அங்கே அது குற்றமே இல்லையே?"

கொலராடோவில் குற்றமில்லைதான், 2014 முதல் கடை திறந்தே விற்கிறார்கள். வர்ஜீனியாவிலும் 2021 ஜூலை முதல் 21 வயதானவர்கள் சிறிதளவு வைத்திருக்கலாம். ஆனால் அனுமதி தருவது மத்திய அரசு. 1970-ஆம் ஆண்டு அது இயற்றிய சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. மாநிலச் சட்டம் இசைந்தாலும் மத்தியச் சட்டப்படியே பதில் எழுத வேண்டும் என்று படிவமே சொல்கிறது.

தொலைபேசியில் அக்கா அழாத குறையாக, "அதை எழுதாதே என்று சொல்லுடா, பிள்ளையின் வேலை போய்விடும்" என்றாள். அவளுடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உண்மை நேர்மாறானது. முன்பு பயன்படுத்தியதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்கு முன், இனியும் தொடருமா என்பதையெல்லாம் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று அப்போதைய தேசியப் புலனாய்வு இயக்குநர் அவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பரில் வழிகாட்டியிருந்தார். தொடர்ந்து பயன்படுத்துகிறவருக்கோ அனுமதி கொடுக்கச் சட்டமே தடை விதிக்கிறது. படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. அதைவிட, மறைத்தவன் என்ற பெயர் மிட்டாயைவிடப் பெரிய தடையாக நிற்கும்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் நம்மவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாநிலத்தில் அனுமதிக்கப்பட்ட கஞ்சாகூட, குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையைக் கேள்விக்குள்ளாக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019-இலேயே தெளிவுபடுத்தியது.

அவன் எழுதினான்: முதல் முறை எப்போது, கடைசி முறை எப்போது, இனிப் பயன்படுத்தும் எண்ணம் உண்டா, இல்லையென்றால் ஏன். அந்த 'ஏன்' என்ற கட்டத்தில்தான் அரை மணி நேரம் போயிற்று. சில வாரங்கள் கழித்து நேரில் பேச வந்த விசாரணை அதிகாரி, அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, அவன் எழுதியிருந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டாராம். இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று அவன் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளின் நகல் இன்னமும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.