கறை என்றார்கள், இப்போது அதற்குத்தான் விலை

பழைய வெள்ளி நாணயம் சேர்ப்பவர்கள் நடுவில் மோர்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளிக் காசு ஒன்றை எடுத்து வையுங்கள். அதில் நீலமும் ஊதாவும் பொன்மஞ்சளும் பிறை மாதிரி ஒரு பக்கமாகப் படர்ந்திருந்தால் எந்த வருடம், எந்த மின்டில் (நாணயச்சாலையில்) அடித்தது என்பதெல்லாம் அப்புறம்தான், முதல் கேள்வி "இது தானா வந்த நிறமா, யாராவது வரவழைத்ததா?" என்பதாக இருக்கும். சென்ற நூற்றாண்டின் நடுவில் அதே காசைப் பார்த்த பலர் கறை பிடித்துவிட்டது என்று தயோயூரியாவும் அமிலமும் கலந்த டிப் கரைசலில் ஒரு முக்கு முக்கி, கழுவி, வெள்ளை வெளேர் என்று ஆல்பத்தில் வைத்திருப்பார்கள். அன்றைக்குப் புதுக்காசு என்றால் வெள்ளையாக மின்னவேண்டும், அவ்வளவுதான்.

நிறம் எப்படி வருகிறது என்பது சுலபம்தான். காற்றிலோ காகிதத்திலோ இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மேலே மெல்லிய சல்ஃபைட் படலமாகிறது. சோப்புக் குமிழியில் தெரிகிற நிறங்கள் மாதிரி, படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி வேறுவேறாகத் திரும்பி வருகிறது. முதலில் இளமஞ்சள், பிறகு பொன், செம்பழுப்பு, ஊதா, நீலம், இன்னும் தடித்தால் மறுபடி மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, கடைசியில் கறுப்பு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் போதும், சந்தேகத்துக்குரிய காசுகளில் பாதியை அப்போதே ஒதுக்கிவிடலாம். இடையில் எந்தப் படியும் இல்லாமல் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே பளிச்சென்று பச்சை நின்றால் நான் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மோர்கன் டாலருக்கு இதில் தனி இடம் கிடைத்ததற்குக் காரணம் துணிப்பைதான். 1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921-லும் அடிக்கப்பட்ட இந்தக் காசுகளில் பெரும்பகுதி யாரும் செலவழிக்காமல், பைக்கு ஆயிரம் என்று அமெரிக்கக் கருவூலத்தின் பெட்டகங்களிலேயே கிடந்தது. பைத்துணியை ஒட்டிக் கிடந்த காசு நிறம் பிடித்தது. மேலே இன்னொரு காசு மறைத்துக்கொண்ட பகுதி மட்டும் வெள்ளையாகத் தங்கியது. அந்தப் பிறை இப்படித்தான் வந்தது. சிலவற்றில் துணியின் இழைகூட அப்படியே பதிந்திருக்கும். 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பைகள் ஏராளமாக வெளியே வந்தன, 1964 மார்ச்சில் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இது தவிர வெய்ட் ரேமண்ட் என்ற பெயரில் வந்த நாணய ஆல்பங்களின் அட்டை, பழைய காகித உறைகள், அமெரிக்க மின்ட் 1947-லிருந்து 1958 வரை அட்டையில் வைத்து விற்ற செட்டுகள் என்று நிறம் பிடிக்க வேறு வழிகளும் இருந்தன.

அப்படியென்றால் ரசனை ஏன் திரும்பியது? என் கணிப்பில், முக்கி முக்கியே திரும்பியது. டிப் என்பது படலத்தோடு சேர்த்து மேல்பரப்பு வெள்ளியிலும் கொஞ்சம் கொண்டுபோகிறது. புதுக்காசை விளக்கடியில் சாய்த்தால் சக்கர ஆரங்கள் மாதிரி ஒளி அதன்மேல் சுழலும்; நாலைந்து தடவை முக்கினால் அந்த ஒளிச்சக்கரம் செத்துப்போகும். வெள்ளையாக இருக்கும், உயிர் இருக்காது. இப்படி நிறைய காசுகளைப் பார்த்துச் சலித்தபிறகுதான் தொடப்படாத மேல்பரப்புக்கு மதிப்பு வந்தது. 1986-ல் பிசிஜிஎஸ், அடுத்த வருடம் என்ஜிசி என்று தரம் பார்த்து பிளாஸ்டிக் ஸ்லாபில் மூடிக்கொடுக்கும் நிறுவனங்கள் வந்தன. நிறம் செயற்கை என்று பட்டால் அவர்கள் சாதாரண கிரேடு தருவதில்லை, அதனால் நிறத்துக்குத் துணிந்து கூடுதல் பணம் கொடுக்க முடிந்தது. இணையத்தில் படம் பார்த்து வாங்கும் பழக்கம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

பணம் வந்ததும் அடுப்பும் வந்தது. கந்தகப் பொருளோடு சேர்த்துச் சூடாக்கி ஒரே வாரத்தில் வானவில் செய்கிறார்கள், சிலர் நன்றாகவே செய்கிறார்கள். பைக்குள் பல பத்தாண்டுகள் நடந்ததும் இதே வேதியியல்தான் என்பதால் கரைகண்டவர்களும் சில காசுகளில் அடித்துச் சொல்ல முடியாது. ஸ்லாபுக்குள் இருக்கிறது என்றால் சந்தை ஏற்றுக்கொண்டது என்று பொருள், அதற்குமேல் சத்தியம் எதுவும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இயற்கை இயற்கை என்று பேசுகிறோமே, இயற்கையாக வெள்ளி காசு பெரும்பாலும் அடைவது சாம்பலும் மங்கிய பழுப்பும்தான். அந்தக் காசை யார் தேடுகிறார்கள்? இன்றைக்கும் பலர் அதை டிப்பில்தான் போடுகிறார்கள். ஆக நமக்குப் பிடித்தது தொடாத காசு அல்ல, அழகான நிறம், இதை ஒத்துக்கொண்டு வாங்கினால் தப்பே இல்லை. நான் சாம்பலையும் வாங்குவேன், விளக்கடியில் சாய்க்கும்போது படலத்துக்கு அடியில் அந்தச் சக்கரம் சுழன்றால். விலையும் குறைவு!

இன்னொன்று, நீலத்துக்காகப் பல மடங்கு கொடுப்பவர்கள் கவனிக்கவேண்டியது: ஸ்லாப் காற்றுப்புகாத பெட்டி இல்லை. கந்தகம் உள்ள அட்டையிலும் ஈரமான அறையிலும் வைத்தால் படலம் தடித்துக்கொண்டேதான் போகும், நீலத்துக்கு அடுத்து என்ன வரும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.