வாக்குரிமை இல்லாமல் வாக்குக் கேட்கப் போன அனுபவம்

2023ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் 120 இடங்களுக்கும் தேர்தல் நடந்தபோது, மிடில்செக்ஸ் கவுண்டியில் போட்டியிட்ட ஓர் அசெம்பிளி (சட்டமன்றத்தின் கீழவை) வேட்பாளருக்காகச் செப்டம்பரிலிருந்து தேர்தல் நாள் வரை தன்னார்வலராக வேலை செய்தேன். அப்போது என்னிடம் கிரீன் கார்டு இருந்தது, வாக்குரிமை இல்லை. என் ஆங்கிலம் அலுவலகக் கூட்டங்களுக்குப் போதுமானது என்றாலும், வாய் திறந்த இரண்டாவது நொடியில் நான் எங்கிருந்து வந்தவள் என்பதை அது சொல்லிவிடும். இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு அறிமுகமில்லாத வாக்காளர்களிடம் அரசியல் பேச முடியுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். கட்சியின் பெயரையும் வேட்பாளரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன், ஏனெனில் இங்கே சொல்லப்போவது எந்தக் கட்சிக்கு வேலை செய்தாலும் பொருந்தக்கூடியது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பலர் இந்த இடத்திலேயே பயந்து நின்றுவிடுகிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத வெளிநாட்டவர், ஊராட்சி முதல் அதிபர் பதவி வரை எந்தத் தேர்தலிலும் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது என்கிறது கூட்டாட்சிச் சட்டம். ஆனால் ஊதியம் பெறாமல் உழைப்பைத் தருவதை அது தடுக்கவில்லை. பிரச்சாரப் பணத்தை எப்படிச் செலவிடுவது போன்ற முடிவுகளில் மட்டும் அவர்களுக்குப் பங்கு இருக்கக் கூடாது. ஆகவே எச்-1பி விசாவில் இருப்பவரும் சம்பளம் வாங்காமல் கதவு தட்டலாம், தொலைபேசியில் அழைக்கலாம். கிரீன் கார்டு உள்ளவருக்கு நன்கொடைத் தடையும் இல்லை.

உண்மையில் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் வேறு. பிரச்சார அலுவலகத்தின் மேசைமீது வாக்காளர் பதிவுப் படிவங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். உள்ளே வருகிற எல்லோரிடமும் பதிவு செய்துவிட்டீர்களா என்று உற்சாகமாகக் கேட்பார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில், இதற்குமுன் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, வாக்களித்ததுண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். குடியுரிமை இருப்பதாகப் பொய் சொல்லிப் பதிவு செய்தவரை நாடுகடத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. நான் முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம், நான் இன்னும் இந்த நாட்டுக் குடிமகள் அல்ல, எனக்கு எந்தப் படிவத்தையும் நீட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் வர முடியுமா என்ற அடுத்த கேள்விக்குப் போனார்.

சேர்வது எளிது. வேட்பாளரின் இணையதளத்தில் ஒரு படிவம், அதன்பின் ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு ஒரு மாலை நேரப் பயிற்சி. வேலைகள் மூன்று வகை: தொலைபேசி அழைப்பு, வீடு வீடாகப் போவது, அலுவலகத்தில் தரவுப் பதிவு. ஒருங்கிணைப்பாளர் கல்லூரியை முடித்த கையோடு வந்த இளைஞர், மிகவும் பண்பானவர். என் பேச்சைக் கேட்டவுடன் அவர் எனக்குக் கொடுக்க நினைத்தது தரவுப் பதிவு. நான் மக்களிடம் பேசவே வந்தேன் என்றதும், இந்தியப் பெயர்களாகத் தேர்ந்தெடுத்த ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார்.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள், அடுத்தபடியாகத் தெலுங்கர்கள், பஞ்சாபிகள். எடிசன் நகரத்துக் குஜராத்தி முதியவர் ஒருவரிடம் நான் பேசக்கூடிய ஒரே மொழி ஆங்கிலம்தான். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதி புரியவில்லை, என்னுடையது அவருக்குப் பாதி புரியவில்லை. இருவரும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்கள் பேச்சு தானாகவே இணங்கிப் போய்விடும் என்பது, தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய எண்ணம். அந்தப் பட்டியலை நான் மறுக்கவில்லை. அதோடு என் தெருவும் சுற்றுவட்டாரமும் அடங்கிய சாதாரணப் பட்டியலும் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார். கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். கேட்காதவரை, நம்மைப் புண்படுத்தாத வேலை எதுவென்று அவர்களாகவே முடிவுசெய்துகொள்கிறார்கள்.

தொலைபேசி வேலைதான் கடினம். அதற்குக் காரணம் உச்சரிப்பு புரியாமல் போவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது இரண்டாவது காரணம். முதல் காரணம், இந்திய உச்சரிப்புடன் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு என்றாலே அது மோசடி என்று அமெரிக்கர்களின் காது பழகிப்போயிருப்பது. அமெரிக்க வருமானவரித் துறையின் பெயரால் மிரட்டிப் பணம் பறித்த கால் சென்டர்களை 2016இல் மும்பையை அடுத்த தானே காவல்துறை சுற்றிவளைத்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட அழைப்புகளை ஆண்டுக்கணக்கில் கேட்டு அலுத்தவர்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவதில் நான் கோபப்பட என்ன இருக்கிறது? நானும் அப்படித்தான் வைப்பேன்.

ஆனால் அலுவலகத்தில் தந்த ஸ்கிரிப்ட் இதை அறியாதவர்களால் எழுதப்பட்டது. என் பெயர், வேட்பாளரின் முழுப்பெயர், பதவி, தொகுதி எண் என்று ஒரே மூச்சில் நீளும் முதல் வாக்கியம் முடிவதற்குள் எதிர்முனை அடங்கிவிடும். ஒருங்கிணைப்பாளரின் ஒப்புதலோடு அதை மாற்றி எழுதினேன். முதலில் அவர்களுடைய பெயர், பிறகு நான் வசிக்கும் தெரு, உடனே, பணம் கேட்கவோ எதையும் விற்கவோ அழைக்கவில்லை என்ற ஒரு வரி, அதன்பின் ஒரு நிறுத்தம். நான் எந்தக் கட்சிக்காக அழைக்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான். தெருப்பெயர் செய்த வேலையை என்னுடைய எந்த உச்சரிப்புப் பயிற்சியும் செய்யவில்லை. நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவா என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்த நொடியிலிருந்து நான் தொலைதூரக் குரல் அல்ல, பக்கத்துத் தெருக்காரி.

உச்சரிப்பிலும் சில இடங்களைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்தை மூச்சுக்காற்றைத் தள்ளி ஒலிக்கிறார்கள். காற்றில்லாமல் நாம் ஒலிக்கும் பகரம், 'பாம்பு' என்ற சொல்லின் இரண்டாவது பகரத்தைப் போல அவர்கள் காதில் விழுகிறது. வாக்குச்சாவடியைக் குறித்து நான் சொன்ன 'போலிங்' என்ற சொல்லை, பந்து உருட்டி விளையாடும் இடம் என்று புரிந்துகொண்ட ஒரு பெரியவர், தாம் அந்த விளையாட்டை விட்டுப் பல காலம் ஆயிற்று என்று வருத்தத்துடன் தெரிவித்தார். அதன்பின் அந்தச் சொல்லையே கைவிட்டு, நீங்கள் வாக்களிக்கும் இடம் என்று விரித்துச் சொன்னேன். எண்களும் அப்படியே: பதினேழும் எழுபதும் ஆங்கிலத்தில் அழுத்தத்தால் மட்டும் வேறுபடுவதுபோல் கேட்பதால், வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாளான அக்டோபர் 17ஐச் செவ்வாய்க்கிழமை என்ற கிழமையையும் சேர்த்தே சொன்னேன். நாம் எழுத்துக்கு எழுத்து ஏறத்தாழ ஒரே அளவு நேரம் கொடுத்துப் பேசுகிறோம், அவர்களோ ஓர் அசையைத் தூக்கி மற்றவற்றை விழுங்கிவிடுகிறார்கள். இதை எல்லாச் சொற்களிலும் மாற்ற முயல்வது வீண்வேலை. வேட்பாளரின் பெயர், பதவியின் பெயர், நாள், இந்த மூன்றில் மட்டும் அழுத்தம் சரியாக விழுந்தால் போதும். மற்றவை எப்படி இருந்தாலும் கேட்பவர் சமாளித்துக்கொள்கிறார். வேட்பாளரின் பெயரை ஒருங்கிணைப்பாளரைச் சொல்லச்செய்து பதிவு செய்துகொண்டு, கார் ஓட்டும்போது அதையே சொல்லிப் பழகினேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மிடில்செக்ஸ் கவுண்டியின் வாக்காளர் பட்டியலில் போலந்து, நைஜீரியா, சீனம், ஆந்திரம், டொமினிகன் குடியரசு என்று எல்லா நிலத்துப் பெயர்களும் இருக்கும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழைத்த, இங்கேயே பிறந்து வளர்ந்த தன்னார்வலர்கள், நீண்ட பெயர் வந்தால் அதைத் தாண்டிப் போனார்கள், அல்லது முதல் எழுத்தைச் சொல்லி மழுப்பினார்கள். இங்கே வந்த நாளிலிருந்து என் பெயரை இந்நாட்டவர் சிதைப்பதைக் கேட்டு வந்தவள் நான். எனவே அறியாத பெயராக இருந்தால், இதை எப்படிச் சொல்லவேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொடுத்தார்கள், அதற்குள் பேச்சும் தொடங்கிவிட்டிருக்கும்.

வீடு வீடாகப் போவது, நான் பயந்ததற்கு மாறாக, தொலைபேசியைவிட எளிதாக இருந்தது. முகம் தெரிகிறது, நெஞ்சில் வேட்பாளரின் பெயர் எழுதிய ஸ்டிக்கர், கையில் துண்டறிக்கை. ஒரு சொல் புரியாமல் போனால் துண்டறிக்கையில் விரலை வைத்துக் காட்டிவிடலாம். கைப்பேசிச் செயலியில் தெருவாரியாக வாக்காளர் பெயரும் வயதும் வரும். பேசி முடித்ததும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடவேண்டும். ஒன்று என்றால் உறுதியான ஆதரவு, ஐந்து என்றால் உறுதியான எதிர்ப்பு. துண்டறிக்கையைத் தபால்பெட்டிக்குள் போடக் கூடாது, ஏனெனில் தபால்தலை ஒட்டாத தாளை அதற்குள் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், கதவிடுக்கில் செருகவேண்டும். உள்ளூர் அனுமதி வாங்காமல் அரசியலுக்காகக் கதவு தட்டும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2002இல் ஓஹாயோவின் ஸ்ட்ராட்டன் கிராமத்து வழக்கில் உறுதிசெய்திருக்கிறது. ஆனாலும் விற்பனையாளர்கள் வரவேண்டாம் என்று பலகை மாட்டிய வீடுகளை நான் தாண்டியே போனேன். உரிமை இருக்கிறது என்பதற்காக அந்த வீட்டுக்காரர் நமக்கு வாக்களித்துவிடப் போவதில்லை. எப்போதும் இருவராகப் போவதும் என் வழக்கம், இருட்டியபின் போவதில்லை.

வாசலில் அதிகம் கேட்டது சொத்துவரியைப் பற்றி. நாட்டிலேயே சொத்துவரி மிக அதிகமான மாநிலம் நியூ ஜெர்சி. ஒரு வீட்டின் சராசரி வரி அப்போதே ஆண்டுக்கு ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் இருந்தது. நானும் அதைக் கட்டுகிறவள் என்பதால் இந்தப் பேச்சுக்கு யாருடைய ஸ்கிரிப்டும் தேவைப்படவில்லை. நீளமாகப் பேசுவதைவிடக் கேட்டுக்கொண்டிருப்பதே பலன் தந்தது. என் உச்சரிப்பைப் பற்றிய கூச்சத்தால் நான் குறைவாகப் பேச, அவர்கள் நிறையப் பேசினார்கள், அதனால் செயலியில் நான் எழுதிய குறிப்புகள் மற்றவர்களுடையதைவிட நீளமாக இருந்தன.

எல்லாம் இனிமையாக இருக்கவில்லை. நீங்கள் இந்த நாட்டுக் குடிமகள்தானா என்று வாசலில் நின்று கேட்டவர்கள் உண்டு. பொய் சொல்லக் கூடாது, விளக்கவும் தேவையில்லை. எனக்கு வாக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது, அதனால்தான் வந்தேன் என்பேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், வாக்கில்லாதவர் சொல்லித் தாம் வாக்களிக்கவேண்டிய நிலை இன்னும் வரவில்லை என்று கதவைச் சாத்தினார். ஐந்து என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். என்னோடு வந்த வெள்ளைக்காரப் பெண்மணிதான் கலங்கிப்போய்த் திரும்பத் திரும்ப என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தேற்றுவது கதவடைத்தவரைச் சமாளிப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

ஒரே ஒரு வீட்டில் தமிழ் கேட்டது. மகனோடு வசிக்கும் வயதான அம்மா ஒருவர், "ஏம்மா, நான் போன வருஷம்தான் சிட்டிசன் ஆனேன், எனக்கு எப்படிப் போடணும்னே தெரியாதே" என்றார். அசெம்பிளிக்கு இரண்டு பேரையும் செனட்டுக்கு ஒருவரையும் தேர்ந்தெடுக்கவேண்டும், அக்டோபர் 28 முதல் நவம்பர் 5 வரை முன்கூட்டியே போய் வாக்களிக்கலாம், நவம்பர் 7 அன்று காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை போகலாம் என்று விளக்கினேன். அஞ்சல்வழி வாக்குச்சீட்டு வந்தால் நானே எடுத்துப்போய்ப் போடுகிறேன் என்று சொல்ல நா துடித்தது. யாருடைய வாக்குச்சீட்டையும் கையில் வாங்கக் கூடாது என்று பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், மகனிடமே சொல்லுங்கள் அம்மா என்றேன்.

தேர்தல் நாளன்று வேலை குறைவு. ஏற்கெனவே ஒன்று, இரண்டு என்று குறித்தவர்களுக்கு மட்டும் நினைவூட்டும் அழைப்பு. சாவடியிலிருந்து நூறு அடிக்குள் நின்று வாக்குக் கேட்கக் கூடாது என்பதால் வெளிவேலை சிலருக்கே. இரவு எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது.

சேர நினைப்பவர்கள் செப்டம்பர் முதல் வாரத்துத் தொழிலாளர் தின விடுமுறை முடிந்தவுடன் சேர்வது நல்லது. அக்டோபர் கடைசியில் யாருக்கும் கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது, வருகிறவர்களின் கையில் பட்டியலையும் மாற்ற முடியாத ஸ்கிரிப்டையும் திணித்து அனுப்பிவிடுவார்கள். ஆளுநரோ அதிபரோ வாக்குச்சீட்டில் இல்லாத ஆண்டாக இருந்தால் இன்னும் வசதி, ஏனெனில் வாக்காளர்கள் சலித்துப்போயிருக்க மாட்டார்கள், அலுவலகத்திலும் ஆள் குறைவு. முதல் வாரம் வீடுகளுக்குப் போங்கள், தொலைபேசியை இரண்டாம் வாரம் எடுங்கள். பயிற்சியில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், தொலைபேசி எளிது என்று. நம்மைப் போன்றவர்களுக்கு அது எளிதல்ல.